வாயைத் திறந்தால் வலிக்கிறதா?



இரத்தசோகை, முழங்கால் வலி, கர்ப்பகாலப் பராமரிப்பு என்று இந்தப் பகுதியில் பல விடயங்களைப் பேசியிருக்கிறோம். இந்த மாதம் தாடையைப் பற்றிப் பேசுவோம். தாடைக்கும் ஒரு மூட்டு இருக்கிறது. அதுவும் முழங்காலைப் போல நோகும், பிசகும், இறுகும். எங்கள் பெண்களில் பலருக்கு இது தெரியாது. தெரியாததால் சிலர் நல்ல பற்களைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வேறு சிலர், வாய் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருவதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

டிக்கோயாப் பக்கத் தோட்டங்களில் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “காதடியில குத்துது”, “கொட்டாவி விட்டா டக்குனு சத்தம் வருது”, “காலையில எழும்பினா கன்னம் கல்லு மாதிரி இருக்கு”, “ரொட்டியக் கடிச்சு மெல்ல முடியல”. காதடி வலி என்றால் காதுக்குள் எண்ணெய் விட்டுப் பஞ்சு வைக்கிறோம். கன்னம் வலித்தால் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று முடிவு கட்டுகிறோம். ஒரு நாள் பேரை விட்டு, பஸ் பிடித்துப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறோம். ஒரு மாதம் கழித்து அதே வலி அதே இடத்தில் திரும்ப வருகிறது. அடுத்த பல்லையும் பிடுங்கச் சொல்கிறோம். மேலே சொன்ன நாலு முறைப்பாடுகளும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருபவை. அந்த இடத்தை முதலில் தொட்டுப் பார்ப்போம்.

மூட்டு எங்கே இருக்கிறது?

இரண்டு காதுத் துவாரங்களுக்கும் சற்று முன்னால், இரு பக்கமும் ஒவ்வொரு விரலை வையுங்கள். இப்போது வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் முன்னால் வந்து பின்னால் போவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் தலைப்பகுதி, மண்டையோட்டின் ஒரு குழியில் பொருந்தி இயங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு இருக்கிறது. வாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது இந்த மூட்டு கதவுக் கீல் போலச் சுழலும். அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கிக்கொண்டும் வரும். இடது, வலது இரண்டும் எப்போதும் சேர்ந்தே இயங்க வேண்டும். ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கமும் கஷ்டப்படும்.

இனிப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தையும் நெற்றிப் பொட்டையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தசை புடைத்து எழும்பும். மெல்லும் தசைகளில் முக்கியமானவை இவை. நெற்றிப் பொட்டுத் தலைவலி என்று நாம் நினைத்துக்கொண்டு பனடோல் போடும் வலியில் ஒரு பகுதி, இந்தத் தசையின் களைப்பாகவே இருக்கும்.

மூட்டில் வலியில்லாமல் ‘டக்’ என்று சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். நடுவிலிருக்கும் தட்டு சற்று விலகித் திரும்பவும் பொருந்தும்போது எழும் சத்தம் அது. பலருக்கும் உண்டு, மருந்து தேவையில்லை. சத்தத்தோடு வலி வந்தாலோ, வாய் திறப்பது குறைந்தாலோ, தாடை இடையில் சிக்கிக்கொண்டாலோதான் கவனிக்க வேண்டும்.

பல்லின் மேல் விழுந்த பழி

தாடை வலிக்குப் பல்லைக் குற்றம் சொல்வது எங்கள் தோட்டங்களில் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கோஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை வைத்தியர் 1934இல் ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்து கடி மாறுவதால் தாடை மூட்டு அழுத்தப்படுகிறது, காது வலியும் தலைவலியும் அதனால்தான் என்பது அவரது விளக்கம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகமெங்கும் வைத்தியர்கள் பல்லை அராவியும் கடியை மாற்றியும் இந்த வலியைத் தீர்க்கப் பார்த்தார்கள். இன்று அந்த விளக்கம் பெருமளவு கைவிடப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2020இல் இந்நோய் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. தேவையற்ற கடுமையான சிகிச்சைகளால் நோயாளிகள் பலர் பாதிக்கப்பட்டிருப்பதை அது எடுத்துக் காட்டியது.

அப்படியானால் யாருக்கு இந்த நோய் வருகிறது? இதை அறிய அமெரிக்காவில் 2006இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ‘ஒப்பெரா’ என்று அதற்குப் பெயர். தாடை வலி இல்லாத, 18 முதல் 44 வயதுவரையான 3,200க்கும் அதிகமானவர்களைச் சேர்த்து, பல வருடங்கள் பின்தொடர்ந்து கேள்வி கேட்டார்கள். வருடத்துக்கு 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்குப் புதிதாகத் தாடை வலி வந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தபோது சில காரணங்கள் முன்னுக்கு நின்றன. உடம்பில் ஏற்கெனவே தலைவலி, முதுகு வலி போன்ற வேறு வலிகள் இருப்பது, பல்லைக் கடிப்பது போன்ற வாய்ப் பழக்கங்கள், நித்திரைக் குறைவு, மனப்பாரம், புகைத்தல், தாடையில் பட்ட காயம் ஆகியவையே அவை.

இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. புதிதாக வலி வருவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வலி போகாமல் நெடுநாள் நின்றுவிட்டவர்களில் பெண்களே மிக அதிகம். வலியைப் பெண்ணுடல் உணரும் விதமும் ஹோர்மோன்களும் இதில் பங்கு வகிக்கலாம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். வலி வந்த பிறகும் ஓய்வு கிடைக்காதவள் யார் என்று நாமும் ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

எங்கள் வாழ்க்கையில் இருக்கும் காரணங்கள்

இந்தப் பட்டியலை எங்கள் லயத்து வாழ்க்கையோடு வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஓயாத மெல்லுதல். காலையில் பிரட்டுக்குப் போகும்போது ஒரு வாய் வெற்றிலை, பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு வாய், கொழுந்து நிறுத்துவிட்டு ஒரு வாய், இராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு ஒரு வாய். குளிருக்கும் பசிக்கும் அட்டைக் கடிக்கும் நடுவே அது ஒரு துணை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்து மற்ற நேரத்தில் இளைப்பாற வேண்டிய தசைகள், நாள் முழுவதும் வேலை செய்கின்றன. நாள் முழுவதும் கவ்வாத்து வெட்டிய கை எப்படி நோகுமோ, அப்படித்தான் கன்னமும் நோகிறது. வெற்றிலையை எப்போதும் ஒரே பக்கம் அதக்கி மெல்லுகிறவர்களுக்கு அந்தப் பக்கத் தசை பருத்தும் போவதுண்டு. வெற்றிலைக்கு வேறொரு, இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது, பல்லைக் கடிப்பது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் மட்டும் தொட்டால் போதும். மற்ற நேரத்தில் உதடு மூடியிருக்க, பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். மழையில் நனைந்த படங்கோடு, குளிரில் விறைத்துக்கொண்டு, நிறை கூடையைச் சுமந்து சரிவில் ஏறும்போது உங்கள் பல் எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். இறுகக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறோம். சிலர் நித்திரையிலும் பல்லை நறநறவென்று கடிப்பார்கள். அது அவர்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். காலையில் எழும்பும்போதே கன்னம் இறுகியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, நித்திரையும் மனப்பாரமும். நாலரை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, இரவு எல்லோரும் படுத்த பிறகு படுக்கும் பெண்ணுக்கு நித்திரை எவ்வளவு? அடகு வைத்த நகை, கொழும்புக்கு வேலைக்குப் போன மகள், குடித்துவிட்டு வரும் புருஷன் என்று படுத்த பிறகும் மனம் படுப்பதில்லை. மனம் இறுகும்போது தாடையும் இறுகும். “மனக்கவலைக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிரிக்காதீர்கள். ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

நான்காவது, கழுத்தும் முதுகும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்த எங்கள் அம்மாமாருக்கும், இன்று சாக்கைத் தோளில் சுமக்கும் எங்களுக்கும் கழுத்து வலி புதிதல்ல. கழுத்துத் தசைகளும் தாடைத் தசைகளும் சேர்ந்தே இயங்குகின்றன. கழுத்து வலி உள்ளவர்களுக்குத் தாடை வலியும் சேர்ந்து வருவது அடிக்கடி காணப்படுகிறது.

ஐந்தாவது, ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுவது. ஒரு பக்கக் கடைவாய்ப் பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டால், ஆறிப்போன கோதுமை ரொட்டியை மறுபக்கத்தாலேயே அரைக்க வேண்டும். மலையில் நின்றபடி அவசர அவசரமாகச் சாப்பிடும்போது அந்தப் பக்கத்துக்கு வேலை இரட்டிப்பாகிறது. வலிக்காகப் பிடுங்கிய பல்லே வலியைக் கூட்டும் நிலை இப்படித்தான் வருகிறது.

ஆறாவது, அளவுக்கு மீறி வாய் திறப்பது. பெரிய கொட்டாவி, பல் பிடுங்கும்போது நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருப்பது ஆகியவற்றால் மூட்டு நோகலாம். சிலருக்கு உடம்பிலுள்ள மூட்டுகள் எல்லாமே இயல்பாகத் தளர்ந்திருக்கும். கட்டைவிரலை மணிக்கட்டுவரை மடக்கிக் காட்டுவார்கள். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஏழாவது காரணத்தை எழுதாமல் விட முடியாது. கன்னத்தில் விழும் அடி. தாடையில் பட்ட அடி மூட்டின் தட்டை விலகச் செய்யலாம், எலும்பை வெடிக்கச் செய்யலாம். பல வருடம் கழித்தும் வலியாக நிற்கலாம். வைத்தியர் “எப்படி அடிபட்டது?” என்று கேட்டால் “படியில் விழுந்தேன்” என்று சொல்லப் பழகியிருக்கிறோம். உண்மையைச் சொன்னால்தான் சரியான பரிசோதனை நடக்கும். எங்கள் நாட்டில் வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டமாக இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘மிதுரு பியச’, அதாவது நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்கள் அங்கே இரகசியமாகப் பேசலாம். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அடித்தவருக்குத் தெரியாமல் இந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய் மூடிக்கொண்டு வருகிறதா?

இதுவரை சொன்னது மூட்டும் தசையும் நோகும் நோய். அது தொல்லை தரும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இதே போல வாய் திறக்க முடியாமல் செய்யும் இன்னொரு நோய் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறக்கூடாது. அந்த இன்னொரு நோய் பாக்கினால் வருவது.

1952இல் ஸ்வார்ட்ஸ் என்ற வைத்தியர் இந்த நோயை வைத்திய உலகுக்கு எழுதிக் காட்டினார். அவர் கண்ட நோயாளிகள், ஆபிரிக்காவில் கென்யா நாட்டில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்கள். எங்களைப் போலவே கடல் கடந்து குடியேறிய சமூகத்தின் பெண்கள். அவர்களின் வாயின் உட்புறம் வெளுத்து, இறுகி, வாய் திறக்க முடியாமல் போயிருந்தது. அடுத்த வருடமே இந்தியாவிலும் இதே நோய் பற்றி எழுதப்பட்டது. இன்று இதற்குப் பாக்கே முக்கிய காரணம் என்பது தெளிவாகிவிட்டது.

பாக்கில் இருக்கும் அரெகொலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்கடியில் நார்த் திசுவை அளவுக்கு மேல் உண்டாக்கத் தூண்டுகிறது. பாக்கில் உள்ள செம்புச் சத்து அந்த நார்களை ஒன்றோடொன்று பின்னி உறுதியாக்குகிறது. மென்மையாக விரிய வேண்டிய கன்னம், உள்ளே கயிறு கட்டியது போல ஆகிவிடுகிறது. முதலில் கறியின் காரம் தாங்காமல் வாய் எரியும். பிறகு வாயின் உட்புறம் வெளிறும். விரலால் தடவினால் பட்டை பட்டையாகத் தட்டுப்படும். நாக்கை வெளியே நீட்ட முடியாது, கன்னத்தை உப்பி ஊத முடியாது. கடைசியில் சோற்றுக் கவளம் போகவும் இடமிருக்காது. ஒரு முறை இறுகிய நார் பெரும்பாலும் முழுமையாகத் திரும்பித் தளராது. இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் வாய்ப் புற்றுநோயும் வருகிறது.

“நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தானே” என்று சொல்பவர்கள் பலர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில், பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இலங்கையில் 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களின் விற்பனைக்குத் தடை கொண்டுவரப்பட்டது. பாக்கு அந்தத் தடைக்குள் வராது. கடையில் தாராளமாகக் கிடைக்கிறது, சடங்கிலும் தட்டில் வைக்கிறோம். ஆகவே சட்டத்தை நம்பி இருக்க முடியாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக, “பல் உறுதியாகும்” என்று சொல்லி வயதுக்கு வந்த பிள்ளையின் கையில் வெற்றிலையைக் கொடுக்காதீர்கள். பையன்கள் பொட்டலத்தில் வாங்கும் பாபுலையும் கவனியுங்கள்.

மூன்று விரல் பரிசோதனை

இரண்டு நோய்க்கும் பொருந்தும் ஒரு சுலபமான பரிசோதனை இருக்கிறது. காசு வேண்டாம், கருவி வேண்டாம். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். வளர்ந்தவர் ஒருவரின் வாய் சாதாரணமாக 40 மில்லிமீற்றருக்கு மேல் திறக்கும். அது ஏறக்குறைய அவரவர் மூன்று விரல் அகலம். மூன்று விரல் தாராளமாகப் போனால் நல்லது. இரண்டு விரல்தான் போகிறது என்றால் காட்ட வேண்டும். ஒரு விரலுக்கும் கஷ்டம் என்றால் நாள் தள்ளக்கூடாது. மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

வித்தியாசம் காண ஒரு வழி சொல்கிறேன். மூட்டு, தசை நோயில் வலி காதடியிலும் கன்னத்திலும் இருக்கும், மெல்லும்போது கூடும், சில நாள் குறையும். பாக்கு நோயில் பெரும்பாலும் வலியைவிட எரிவும் இறுக்கமுமே இருக்கும். வாய்க்குள் வெளுப்புத் தெரியும். வருடம் போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

மூட்டும் தசையும் நோகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சாதாரணப் பராமரிப்பிலேயே சில வாரங்களில் குணம் தெரியும்.

தாடைக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு வெற்றிலையை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு திரும்பத் தொடங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ரொட்டியைத் தேத்தண்ணியிலோ கறியிலோ ஊறவைத்துச் சாப்பிடுங்கள். சோறு, பருப்பு, அவித்த மரக்கறி, கிழங்கு என்று மெதுவான உணவாக இருக்கட்டும். சிறு சிறு கவளமாக, இரு பக்கத்தாலும் மெல்லுங்கள்.

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் கன்னத்திலும் காதடியிலும் 10 முதல் 15 நிமிடம் ஒற்றணம் கொடுங்கள். படுக்கப் போகுமுன் செய்தால் நித்திரையும் வரும்.

நாக்கு நுனியை மேல் முன்பற்களின் பின்னால் அண்ணத்தில் மெதுவாக வைத்து, பற்களை விலக்கி, உதட்டை மூடுங்கள். இதுதான் தாடை இளைப்பாறும் நிலை. கொழுந்து எடுக்கும்போது ஒவ்வொரு வரிசை மாறும்போதும் “பல் தொடுகிறதா?” என்று உங்களையே கேட்டுப் பார்த்துத் தளர்த்துங்கள். சில வாரத்தில் பழகிவிடும்.

கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையை முட்டுக் கொடுங்கள். நகம் கடிப்பது, தையல் நூலைப் பல்லால் அறுப்பது, சோடாப் போத்தலைப் பல்லால் திறப்பது வேண்டாம். வலி அதிகமென்றால் பரசிற்றமோலை அளவோடு போடலாம். கடையில் பெயர் தெரியாத ‘செட்’ மாத்திரைகளை வாங்கி நாள்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மூன்று விரல் போகாவிட்டாலும், வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை இருந்தாலும், புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலும், கட்டி, மரப்பு, காய்ச்சலோடு வீக்கம் இருந்தாலும் போக வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் ஒரு மாதத்துக்குள் வலி குறையாவிட்டாலும் போங்கள்.

மூன்று நிலைமைகளில் அன்றைக்கே போக வேண்டும். ஒன்று, திறந்த வாய் மூடாமல் நின்றுவிடுவது. இரண்டு, காயம்பட்ட சில நாட்களில் தாடை இறுகித் திறக்க முடியாமல் போவது. இது ஏற்புவலியாக இருக்கலாம். மூன்று, மலை ஏறும்போது நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சு வாங்கலும் சேர்ந்து தாடையில் வலி வருவது. இது இருதயத்தின் வலியாக இருக்கலாம். உடனே உட்கார வைத்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

போகும் இடம் தூரமில்லை. அரச ஆதார வைத்தியசாலைகளில் பல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட அதன் புதிய கட்டடம் 2017 மே 12ஆம் திகதி திறக்கப்பட்டது. அங்கிருந்து தேவைப்பட்டால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். போனால் இப்படிச் சொல்லுங்கள்: “பல் வலி என்று நினைக்கிறேன், ஆனால் காதடியில் நோகிறது, வாய் திறக்கவும் கஷ்டமாக இருக்கிறது. மூட்டையும் பாருங்கள்.” வெற்றிலை எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிடுங்கச் சொன்னால், “பல்லில் பழுது இருக்கிறதா?” என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இரவில் பல் கடிப்பவர்களுக்குப் போட்டுப் படுக்க ஒரு பல்லுறை தருவதும் உண்டு.

ஒரு நாள் பேர் போகுமே என்ற கவலை எனக்கும் விளங்குகிறது. அதனால்தான் தனியாக இல்லாமல் கூட்டமாகச் செய்யச் சொல்கிறேன். இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, 20,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதிக்கச் செய்தார்கள். பல் வைத்தியம் படிக்காத அந்த ஊழியர்களே புற்றுநோய்க்கு முந்திய அறிகுறிகளைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான அந்த ஆய்வை மற்ற நாடுகளும் எடுத்துக்காட்டாகக் கொண்டன. தேவைப்பட்டது வெளிச்சமும் பழகிய கண்ணும் மட்டுமே.

ஆகவே உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். தோட்டத்துக் குடும்பநல மாதுவையோ வைத்திய உதவியாளரையோ ஒரு டோர்ச்சோடு வரச் சொல்லுங்கள். வெற்றிலை போடும் ஒவ்வொருவரும் மூன்று விரல் வைத்துப் பார்க்கட்டும். சந்தேகமானவர்களின் பெயரை எழுதி, ஒரே நாளில் ஒரே வானில் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். எட்டுப் பேர் சேர்ந்து போனால் பயணச் செலவு குறையும், பயமும் குறையும். அந்த நாளுக்கு விடுமுறை கேட்டுச் சங்கமாகத் தோட்ட நிர்வாகத்திடம் பேசவும் முடியும்.

வயதான அம்மாமாரை முதலில் பாருங்கள். “இனி எனக்கு என்ன” என்று அவர்கள்தான் பின்னால் நிற்பார்கள். வாய் எரியுது என்று சொல்லி வெறும் சோற்றை மோரில் கரைத்துக் குடிக்கிற பாட்டி உங்கள் லயத்தில் இருந்தால், அவரது பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.